ஒரு பட்டை கீழே

பிறந்தநாளுக்கு குன்வோர் வாங்கித் தந்தாள்
இரண்டு காற்று வடிகட்டிகள்.
சிவப்புப் பஞ்சு, பளபளக்கும் வலை.
தகரப் பெட்டிக்குள் மூக்கடைத்தே வாழ்ந்த அமேசான்
இனியாவது வாய் திறந்து இழுக்கட்டும் என்றாள்.

இழுத்தது.
மரக்கிடங்கு மேட்டின் பாதியில் இருமியது.
கார்புரேட்டர் பின்பக்கமாய்த் துப்பியது.
காற்று கூடிவிட்டது, பெட்ரோல் கூடவில்லை.
விருந்தாளி இரட்டிப்பாய் வந்தும்
உலையில் அதே அரிசி.

அவள் கொடுத்தது என்பதால் சொல்லவில்லை.
மூன்று வாரம் கூட்டுறவுக் கடைக்கு
ஆற்றோரமாய்ச் சுற்றிப் போனேன்.
பனிக்கட்டி உடைவதைப் பார்க்க, என்றேன்.
மே பிறந்து, உடைய வேண்டியதெல்லாம் உடைந்து
கடலுக்குப் போன பிறகும் அதையே சொன்னேன்.

"மேட்டு வழியை ஏன் விட்டாய்?"

பிளக்கைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தேன்.
சுண்ணாம்பு வெளுப்பு.
பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்க வேண்டும் இது, என்றேன்.
"பல்லாக இருந்தால் பாராட்டியிருப்பேன்" என்றாள்
முப்பது வருடம் பல் மருத்துவரின் பக்கத்தில் நின்றவள்.

தபாலில் ஊசிகள் வந்தன, இரண்டு.
பழையதைவிட ஒரு மயிரிழை மெலிவு.
ஊசி மெலிந்தால் பெட்ரோல் பெருகும்.
என் படிப்பு அவ்வளவுதான்.

பிறகு சமன் செய்வது.
வடிகட்டி இல்லாத இரண்டு வாயும்
ஒரே அளவு உறிஞ்சுகிறதா என்று
ரப்பர் குழாயின் ஒரு முனையை அங்கே பிடித்து
மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும்.
வைத்தேன்.
குழாயின் அந்தப் பக்கம்
பனி பெய்துகொண்டிருந்தது.
மற்ற வாய்க்கு மாற்றினேன்.
அங்கும் பனி.

ரம்ப ஆலையில் முப்பத்தோரு வருடம்.
வட்டவாள் என் காதிலிருந்து
'ஸ்' என்ற ஒரே எழுத்தை
அறுத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.
தடித்த எழுத்தெல்லாம் மிச்சம் இருந்ததால்
எனக்குத் தெரியவில்லை.

குன்வோர் குழாயை வாங்கிக்கொண்டாள்.
வாய்க்குள் குழாய் பிடிப்பது அவளுக்கு
நான் திருகாணி பிடிப்பது மாதிரி.
"முன்னது நெடில்" என்றாள்.
"பின்னது குறில்."
திருகினேன்.
"இன்னும். இன்னும். ஐயோ, தாண்டிவிட்டாய், வா."
வந்தேன்.
"இப்போது இரண்டும் ஒன்று."
அவள் சொன்னதை நம்பித்
தண்டின் பிடியை இறுக்கினேன்.

சிவப்பு வடிகட்டிகளை மாட்டிய பிறகுதான் கலவை.
பிஸ்டனை நகக்கண் அளவு தூக்கினால்
என்ஜின் உயிரை விடப் பார்த்தது.
இன்னும் பசி.
கீழிருந்த நட்டை ஒரு பட்டை கீழே இறக்கினேன்.
அடுத்ததையும் ஒரு பட்டை.
தூக்கிப் பார்த்தேன். பசி.
மூன்றாம் பட்டையில்
குரல் ஒரு கணம் ஏறி
பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தது.
இது எனக்கே கேட்டது.

நீ கேட்பதே இல்லை என்பாள், கல்யாணமான காலம் தொட்டு.
காதால் கேட்பதற்கும்
வாயால் கேட்பதற்கும்
ஒரே சொல். எதைச் சொன்னாள் என்று
நான் கேட்டதும் இல்லை.

என்ஜினை அணைத்தேன். கை துடைத்தேன்.
"வேறென்ன கேட்கிறது உனக்கு, இங்கே?"

அவள் யோசிக்கவே இல்லை.
"சூடு ஆறும் புகைக்குழாய், டிக், டிக்.
பிர்ச் மரத்தில் ஏதோ குருவி, ஒன்றல்ல, இரண்டு.
பக்கத்து வீட்டு அர்விட்டின் வானொலி, வானிலை அறிக்கை.
உன் மூச்சின் அடியில் ஒரு சின்ன விசில்.
நவம்பரிலிருந்து."

ஏன் சொல்லவில்லை, என்றேன்.

பிளக்கை இன்னும் கையில்தான் வைத்திருந்தாள்.
அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை ஒன்பதே காலுக்கு நேரம் கொடுத்தார்கள்.
மருத்துவமனை மேட்டுக்கு அந்தப் பக்கம்.
ஆற்றோரமாய்ப் போகலாமா என்று அவள் கேட்கவில்லை.
மூன்றாம் கியரில் ஏறினோம், ஜன்னலை இறக்கி.
மரக்கிடங்கு, ஈர மரத்தூள் வாசனை, வளைவு.
கார் இருமவில்லை.
உச்சியில்
நான்தான், ஒருமுறை.