பதினைந்து நிமிடம்

நவம்பர் முடியவில்லை, அதற்குள் மைனஸ் இருபத்திரண்டு.
எட்மன்டன் எல்லோரையும்
ஒரே மாதிரி மூட்டை கட்டி வெளியே அனுப்புகிறது.
என் கறுப்புக் கோட்டுக்குள்
மஞ்சள் பூப்போட்ட சட்டை ஒன்று,
முழங்காலுக்குக் கீழ் நாலு விரல்.
மில்வூட்ஸ் தரிப்பிடத்தில் நின்ற ஐந்து பேரில்
ஒருவருக்கும் தெரியாது.
இதற்குப் பெயர் வெளியே போவதா
என்று என்னை நானே கேட்டேன்.
அலுமாரிக்குச் சக்கரம் பூட்டி
உருட்டிக்கொண்டு வந்தமாதிரி இருந்தது.

பஸ்ஸில் ஒரு தமிழ்க்குரல்.
நாரி கல்லாகிவிட்டது எனக்கு.
ஆட்டிறைச்சி விற்கும் விலைக்காகத்
தொலைபேசியில் யாரையோ ஏசிக்கொண்டு வந்தார்.
என் உதட்டுச் சாயத்தை, தோட்டை,
மூன்று தரம் மழித்தும் நீலம் பூத்த தாடையை
பார்க்கத்தான் பார்த்தார்,
விலையைப் பார்த்த அதே முகத்தோடு.
பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.
பயந்தது நடக்கவில்லை.
நடக்காததில், சொல்ல வெட்கம்,
ஒரு சின்ன ஏமாற்றம்.

மருந்துக்கடையில் சளிக்காய்ச்சல் ஊசி.
அதற்காகத்தான் இந்த நாள்.
ஊசிக்குக் கோட்டைக் கழற்றியே ஆகவேண்டும்.
என்னை நான் நம்பவில்லை,
விதியை நம்பினேன்.

அட்டையைத் தேடினேன்.
நாற்பது வருடமாக வலப்பக்கப் பொக்கற்றுக்குள் போன கை
துணியைத் தடவித் தடவி வெறுமனே திரும்பியது.
இந்தச் சட்டைகளுக்குப் பொக்கற் இல்லை,
கேள்விப்பட்ட சங்கதிதான்,
இப்போது கை படித்தது.
புதுக் கைப்பையின் சிப்போ இழுபடவில்லை.
பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார்.
அது சட்டைக்கான பெருமூச்சு அல்ல,
தாமதத்துக்கானது.
இரண்டுக்கும் ஓசை வேறு என்று அன்றுதான் அறிந்தேன்.

அட்டையில் இருக்கிறது
குலமும் வீரமும் சிங்கமும் சேர்ந்த என் பெயர்.
"குலா… வீரா…" என்று தடக்கினாள் மரிடெஸ்.
குலா போதும் என்றேன்.
எத்தனை கேள்விக்கு விடை பாடமாக்கி வந்தேன்!
நாடக ஒத்திகை,
நண்பர்களோடு பந்தயம்,
தோற்றவன் நான்.
அவள் கேட்டது ஒன்றே ஒன்று:
"இடக்கையா, வலக்கையா?"
அதற்கு மட்டும் என்னிடம் விடை இல்லை.

"பதினைந்து நிமிடம் அங்கே இருங்கள்.
தலை சுற்றினால் கூப்பிடுங்கள்."

கதிரை ஷாம்பு அடுக்குக்கு நேரெதிரே.
கோட்டு மடியில். பிறகு அதையும்
பக்கத்துக் கதிரையில் வைத்தேன்.
ட்யூப்லைட்டுக்குக் கீழே மஞ்சள் பூக்கள் அத்தனையும்.
காலில் மட்டும் பழைய பனிச்சப்பாத்து,
பதினோராம் நம்பரில் பெண்களுக்குச் செய்யமாட்டார்களாம்.
கையுறையைச் சப்பிக்கொண்டு ஒரு பொடியன்
சப்பாத்தையே பார்த்தான், சட்டையை அல்ல.
ஊன்றுகோலோடு வந்த கிழவர்
பல்செட் பசை எங்கே என்றார்.
"மூன்றாவது வரிசை" என்று விட்டேன்.
மெல்லப் பேசுவதென்று வைத்திருந்த தீர்மானம் போயிற்று,
வந்தது லொறிக்குக் கீழிருந்து கத்துகிற என் குரல்.
நன்றி சொன்னார். போனார்.
மூன்றாவது வரிசையில் பசை இருந்ததோ, தெரியாது.

பதினாறு.
பதினேழு.
யாரும் எழும்பச் சொல்லவில்லை.
தலை சுற்றத்தான் செய்தது,
கூப்பிடுகிற அளவுக்கு இல்லை.

திங்கட்கிழமை கராஜில்
இடத்தோள் நொந்தது.
தடவுவதைக் கண்ட டாரில்
என்ன என்று கேட்டான்.
ஊசி என்றேன்.
உண்மைதானே.
எண்ணெய் பிடித்த மேலங்கிக்குள்
இன்னும் இரண்டு நாளுக்கு
அந்த இடம் சுட்டுக்கொண்டிருந்தது.