எட்டாவது வாளி

ஹட்டனில், கம்பளிக்குள் இருந்துதான் கல்யாணம் பேசினார்கள்.
திருகோணமலையில், மூன்றாம் நாள்,
என் புருசன் தவராஜிடம் நான் சொன்ன
முதல் முழு வாக்கியம்:
“கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அவியுது.”

சித்திரை. காற்று
எங்கேயோ விடுமுறையில் போயிருந்தது.
கடல், ஆடை படிந்த பால் மாதிரி
அசையாமல் கிடந்தது.
துடைத்த இடத்திலேயே வியர்வை
கேள்விக்குப் பதில் போல முளைத்தது.
சேலை முழங்காலில் ஒட்டிக்கொண்டு
தான் போக நினைத்த பக்கம் என்னை நடத்தியது.

அவரிடம் ஒரு தாள்.
கொப்பி ஒற்றையில், கணக்கு வாத்தியார் எழுத்தில்,
பார்க்க வேண்டிய இடங்கள் பதினொன்று,
நேரமும் போட்டு.
ஒரு வரியிலும் நிழல் என்று இல்லை.

நான் எழுதாமல் ஒரு தாள் வைத்திருந்தேன்.
கோட்டை வாசல் வளைவுக்குள் ஆறடி இருட்டு;
அந்தக் கல்லுக்கு இன்னும் நேற்றைய இரவு முடியவில்லை.
உள்ளே மரத்தடியில் புள்ளிமான்கள்.
அவற்றோடு நானும் ஒரு மானாக ஒதுங்கினேன்.
ஒரு கிடாய் என் கையை மோந்து,
உப்பு என்று தெரிந்ததும்
நக்கத் தொடங்கியது.
“நேரமாகுது” என்றார் அவர், வெயிலில் நின்றபடி.

கோணேசர் கோயிலில் செருப்பைக் கழற்றியதும்
பக்தி பாதத்திலிருந்து ஏறியது.
தரை தோசைக்கல்.
தூணின் நிழலுக்கு ஒரு பாய்ச்சல்,
அங்கிருந்து யாரோ ஒரு அம்மாவின் குடைக்கு,
அங்கிருந்து சந்நிதிக்கு.
ஈசனை நான் இவ்வளவு விரைவாக
ஒருநாளும் அடைந்ததில்லை.
என்ன கும்பிட்டாய் என்று கேட்டார்.
“மேகம்.”

பிறகு, பிரதான வீதியில்
பணம் எடுக்கிற கண்ணாடிக் கூண்டு.
உள்ளே ஏசி.
இருவரும் நுழைந்து கதவைச் சாத்தினோம்.
என் மீதியைப் பார்த்தேன்: நாலாயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு.
குளிர் போதவில்லை, மறுபடி பார்த்தேன்.
பணம் கூடியிருக்கவில்லை.
அவர் யோசித்துவிட்டுத் தன் அட்டையை நீட்டினார்,
காதோடு இரகசிய இலக்கத்தையும் சொன்னார்.
வெளியே யாரோ சாவியால் தட்டினார்கள்.
அந்தக் கூண்டுக்குள் எங்கள் முழங்கைகள்
ஒட்டிக்கொண்டு இருந்ததை
வீதிக்கு வந்து, பிரிந்து நடந்த பிறகுதான் உணர்ந்தேன்.

பகல் ஒரு மணி.
நிழல் காலடிக்குள் சுருண்டு படுத்த நேரம்.
“அடுத்தது கன்னியா” என்றார் தாளைப் பார்த்து.
ஓட்டோக்காரத் தம்பி ரிஸ்மி
திரும்பி எங்களை நன்றாக ஒருதரம் பார்த்தான்.
“அது வெந்நீர்க் கிணறு, அக்கா.
இந்த வெயிலுக்கு நாயே ஓட்டோவுக்குக் கீழதான் கிடக்கு.”
“தாளில இருக்கே” என்றேன்.
ஏன் அப்படி அவர் பக்கம் பேசினேன், தெரியாது.

ஏழு கிணறு. எட்டிப் பார்த்தால் அடி தெரியும்.
ஒன்றில் ஆறிய தேத்தண்ணிச் சூடு,
ஒன்றில் காய்ச்சல்காரன் நெற்றிச் சூடு.
நாலாவதில் நான் “ஐயோ” என்றேன்.
அவர் சிரித்தார்.
கீழ்வரிசையில் ஒரு பல் கோணல்.
மூன்று நாளாய் எங்கே ஒளித்து வைத்திருந்தார் அதை?
கிணற்றுக்கு ஒரு வாளி,
மொண்டு மொண்டு என் தலையில் ஊற்றினார்,
வாய்க்குள் எண்ணிக்கொண்டே.

ஏழும் முடிந்து
சொட்டச் சொட்ட ஓரமாய் வந்து நின்றேன்.
அப்போது வந்தது காற்று.
பெரிதாக ஒன்றுமில்லை,
ஓர் இலை புரண்டு படுக்கிற அளவு.
ஈரச் சேலையில் அது பட்டதும்
முதுகு முழுக்க ஹட்டன்.
சத்தியமாக, எனக்குப் பல் அடித்தது.

“குளிருது” என்றேன்.
அவர் அசையவில்லை. தள்ளி நிற்பது
பழகிவிட்டிருந்தது அவருக்கு.
சட்டையில் வியர்வை தேசப்படம் வரைந்திருந்தது.
சட்டைப்பையில் அந்தத் தாள் ஊறி,
பார்க்காத நாலு இடமும்
ஒரே நீலக் கறையாகிக்கொண்டிருந்தது.

வாளியை நான் எடுத்தேன்.
எந்தக் கிணறு என்று பார்க்கவில்லை.

“குனியுங்க” என்றேன்.