கழித்தல் விசை

ரவூப் நானா இரும்புத் தராசில் நிறுத்துத் தந்தார்
மூன்று பழைய கீபோர்டுகளும் ஒரு குக்கர் மூடியும்.
மூடி வேண்டாம் என்றேன்.
"கொண்டு போ புள்ள, அப்பதான் நிறை சரியா வரும்."

டன்பார் வீதியில் மூன்று மணிக்கே முகில் இறங்கிவிட்டது.
போன் திரை மாற்ற வந்த பையனை
நாளைக்கு வரச் சொல்லிவிட்டுக்
கடைக் கதவைப் பாதி சாத்தினேன்.

முதலாவதைத் திறக்கவே வேண்டியதில்லை.
விரல் வைத்ததும் தெரிந்தது, உள்ளே ஸ்பொஞ்ச்.
ஒரு கப்பைக் கழற்றினேன்,
மேசையில் மஞ்சள் மா கொட்டியது.
ஒவ்வொரு தண்டின் அடியிலும் ஒட்டிய வெள்ளித் தாள் மட்டும்
இன்னும் மினுங்கிக்கொண்டு, தொட ஏதுமில்லாமல்.
ஹட்டன் ஈரம் ஸ்பொஞ்சைத் தின்னும்,
சுவரைத் தின்பது மாதிரி.

இரண்டாவதில் கண்ணாடி.
விசைக்கு ஒரு குழாய், நெல்லைவிடக் கொஞ்சம் நீளம்,
உள்ளே இரண்டு தகட்டு நாக்குகள்.
காந்தம் இறங்கி வந்தால் ஒட்டும், ஏறினால் விலகும்.
தூசிக்கு வழியே இல்லை.
குண்டூசியை நீட்டினேன்,
தண்டு அதைக் கையிலிருந்து பறித்துக்கொண்டது.
ஜெனிற்றாவுக்குப் படம் அனுப்பினேன்.
"சத்தியமாவா?" என்றது பதுளை.
அடுத்த நிமிடம்: "எவ்வளவுக்குத் தருவாய்?"

மூன்றாவதன் வயிற்றில் பாதி கிழிந்த தாள்:
தோட்டம், மேற்பிரிவு, செக்ரோல்.
பெயர் இருந்த பக்கத்தைக் கரப்பான் அரித்திருந்தது.

கப்பைக் கிளப்பினால் நீளத் துளை, பச்சைத் தண்டு.
பச்சை என்றால் பேசாதது.
அமுக்கினால் இறங்கும், விட்டால் ஏறும்,
எந்த இடத்தில் எழுத்து விழுந்தது என்று விரலுக்கே தெரியாது.
ஒரு பகலெல்லாம் அடித்தாலும்
பக்கத்து மேசைக்காரர் தூங்கலாம்.

என் கொப்பியில் எழுதினேன்: பச்சை. நூற்றியொன்று.
எழுதிவிட்டு, சும்மா, பழக்கதோஷத்தில்
வலது ஓரத்து இலக்கங்களில் விரலை ஓட்டினேன்.

டிக்.

மறுபடியும். டிக்.
கழித்தல் விசை.
மேலிருந்த கோடு தேய்ந்து போய், நடுவே ஒரு பெருவிரல் குழி.
கழற்றினேன்.
நீலம்.
உள்ளே சிறு தகடு மடிந்து தட்டும் இனம்,
தபால் கந்தோர் முத்திரை மாதிரி அறிவித்துவிட்டுத்தான் இறங்கும்.

பலகையைத் திருப்பிப் பார்த்தேன்.
நூறு பற்றுகளும் கம்பனிப் பற்று, ஒரே அளவு.
இதன் இரண்டு மட்டும் கையால் வைத்த ஈயம்,
கொஞ்சம் அதிகம், கொஞ்சம் கோணல்.

அட்வான்ஸ், அரிசி, மா,
கோயில் பணம், சங்கச் சந்தா, மரணாதாரம்,
மழையில் கொழுந்து குறைந்தால் அரைப் பேர்.
இந்தத் தோட்டத்தில் மற்ற எல்லா எழுத்தும்
ஓசையில்லாமல் விழுந்திருக்கிறது.
கழித்தது மட்டும் கேட்டிருக்கிறது,
ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றவர்களுக்கும்.

அம்மாவின் இலக்கம் நானூற்றுப் பன்னிரண்டு.
நான்கையும் ஒன்றையும் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
எல்லாம் ஒரே தேய்வு.
எல்லாருடைய இலக்கத்திலும் அவை இருக்கும்தானே.
அம்மாவின் தோட்டம் இதுதானா என்றும் தெரியாது.

யாரோ ஒரு கிளாக்கர் வேண்டுமென்றே வைத்தாரோ,
பச்சை கிடைக்காமல் கண்டி ரிப்பேர்காரன்
கைக்கு வந்ததைச் சொருகினானோ.
இரண்டுக்கும் ஒரே ஈயம்தான் பிடிக்கும்.

"மூன்றாவது என்ன?" ஜெனிற்றா கேட்டாள்.
பச்சை, நூறு, என்று அனுப்பினேன்.
"ஒன்று குறையுதே?"
அதற்குப் பதில் தட்டத் தொடங்கி அழித்தேன்.
கண்ணாடித் திரை. எதை அழித்தாலும் சத்தமில்லை.

வெளியே கொழும்பு ரயில் ஊதிற்று.
குக்கர் மூடியைக் கவிழ்த்து
அதில் நூற்றியொரு கப்பையும் ஊறப் போட்டேன்,
சவர்க்காரத் தண்ணீரில்.