நிமிஷத்துக்கு நூற்று நாற்பது ரூபாய்

ஜப்பான் பூதம் ஒன்றுக்குத் தமிழ் எழுதித் தருகிறேன்,
சத்துவாச்சாரியில், ஒரு மாடி அறையில்,
முட்டைத் தட்டு ஒட்டிய சுவர்களுக்கு நடுவே.

பெயர் கப்பா.
"கேரளாக் கிழங்கா?" என்றார் குணசீலன் சார்.
கிழங்கில்லை சார், ஆற்றுப் பூதம்.
ஆமை முதுகு, வாத்து வாய், தவளைக் கால்,
உச்சந்தலையில் சாஸர் அளவுக் குழி,
குழியில் தண்ணீர்.
பலமும் திமிரும் அந்த ஒரு மடக்குத் தண்ணீரில்.
ஒரு காலத்தில் குதிரையையே காலைப் பிடித்து
மடுவுக்குள் இழுத்ததாம்.
இப்போது ஒரு பள்ளிக்கூடப் பையனின் குளியல் தொட்டியில்
ஓசிக்குத் தங்கி
வெள்ளரிக்காய் தின்று ஏப்பம் விடுகிறது.

அதை வீழ்த்த வாள் வேண்டாம், மந்திரம் வேண்டாம்.
எதிரே நின்று குனிந்து ஒரு வணக்கம்.
மரியாதை தெரிந்த பூதம், பதிலுக்குக் குனியும்.
சிந்தும்.
சுருண்டு விழும்.
எபிசோடுக்கு மூன்று முறை.

ஐந்தாம் நிமிஷத்திலேயே சிக்கல்.
மனிதரின் பின்வாசல் வழியே கைவிட்டு
உள்ளிருக்கும் உருண்டையைத் திருடுவது
இதன் குலத்தொழில்.
குழந்தைகள் பார்ப்பது, எப்படி எழுத?
'ஆன்ம மணி' என்றேன்.
மைக்கில் அதைச் சொல்லிவிட்டு
தரையில் உட்கார்ந்து சிரித்தான் தன்வீர்.
மேல்விஷாரத்துக்காரன்,
பகலில் தோல் ஷெட், ராத்திரியில் பூதம்.
"குண்டிக் கோலின்னு எழுதுயா, எம் பையன் உருளுவான்."
சார் இரண்டையும் அடித்துவிட்டு
'மர்ம உருண்டை' என்று போட்டார்.
அது இன்னும் ஆபாசமாக இருந்தது.

பூதமென்றால் செந்தமிழ் என்பதும் அவர் கட்டளை.
"அடே மானிடா!" என்று ஒரு டேக் கொடுத்தான் தன்வீர்.
அடுத்த டேக்கில் தானாகவே,
"இன்னாபா, தலீல தண்ணி கீது, பாத்து இடி."
திரையில் அந்த வாத்து வாய்
அச்சாகப் பொருந்தியது,
பிறந்ததிலிருந்து ஆற்காட்டுப் பக்கமே
ரேஷன் வாங்கியதுபோல.

பதினோராம் எபிசோடில் அதற்குக் கை ஒடிகிறது.
எலும்பு வைத்தியம் அறிந்த இனமாம், தானே ஒட்டிக்கொள்கிறது.
'புத்தூர் கட்டு' என்று எழுதினேன்.
யாரும் அடிக்கவில்லை.

இரண்டரை மணிக்கு
என்னைக் காட்பாடியில் இறக்கிவிடக் கிளம்பியவன்
பாலத்தின் நடுவில் பைக்கை நிறுத்தினான்.
கீழே பாலாறு: சீமைக்கருவேலம், லாரித் தடம்,
ஒரு கோடு மட்டும் மினுக்கியது,
நிலவோ, தோல் ஷெட் தண்ணியோ.

"இங்க வந்திருந்தா செத்திருக்கும்" என்றேன்.

"சாவாது. கேன் தண்ணி ஊத்திகினு சுத்தும்.
காட்பாடி ஜங்ஷன்ல வெள்ளரிப்பிஞ்சுக்குப் பேரம் பேசும்.
கம்பெனில வேலைக்குச் சேந்தாதான் மாட்டும்.
சூப்ரவைசருக்குக் குனிஞ்சா உயிரு போச்சு,
குனியலன்னா சீட்டு கிழிஞ்சுது."

சிரிக்கத் தயாராகி அவனைப் பார்த்தேன்.
இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்து
முதுகை நிமிர்த்திக்கொண்டிருந்தான்,
ஒவ்வொரு கண்ணியாக.

"பன்னெண்டுல இன்னா பண்ணுது?"

"தலைமேல மூடி போட்டுக்குது.
ஹெட்மாஸ்டரைப் பார்க்கப் போகுது."

"மூடி!" என்றான்.
பெட்ரோல் டேங்கின் மேல் கிடந்த ஹெல்மெட்டை எடுத்து
மெல்ல, மிக மெல்ல,
ஏதோ தளும்பிவிடும் என்பதுபோல
தலையில் கவிழ்த்துக்கொண்டான்.