மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை

பண்ணையை வாங்கியபோது நாயும் சேர்ந்து வந்தது.
பத்திரத்தில் அதற்கென்று ஒரு வரி இல்லை.
டிராக்டர் இருந்தது, இரண்டு தானியக் குதிர்கள் இருந்தன,
‘உள்ளது உள்ளபடி’ என்றொரு சொல் இருந்தது.
அந்தச் சொல்லுக்குள் படுத்திருந்தது நாய்.

வீட்டுக்குள் வராது.
கதவைத் திறந்துபோட்டு ஈரல் துண்டை நீட்டியபடி
கால் மரத்துப்போக நிற்பேன்.
படிவரை வந்து, எதையோ மறந்ததுபோல்
திரும்பிப் போய்விடும்.
சஸ்காச்சுவானில் அக்டோபர் முடியப்போகிறது.
முற்றத்துக் குழாய்க்குக்கூடச் சாக்கு சுற்றியாகிவிட்டது.

நகரத்துக் கடையில் நாய் வீடுகள் வரிசையாக நின்றன.
ஒன்றில் ஜன்னல்,
ஜன்னலில் பெயிண்டால் வரைந்த பூந்தொட்டி.
ஒஸ்தாப்புக்கு இருப்பதிலேயே பெரியது பிடித்தது.
‘கன்றுக்குட்டியே படுக்கலாம் இதில்’ என்றான்.
நான் தலையை உள்ளே விட்டு ‘ஏய்’ என்றேன்.
என் குரலே திரும்பி வந்தது.
வாங்கவில்லை.
நாற்பது மைல், வழியெல்லாம் பேச்சில்லை.

பக்கத்து நிலத்து வில்ஃப் வேலியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:
பெரிய வீட்டைச் சூடாக்க அதனிடம் என்ன இருக்கிறது?
ஒரு வயிறு, ஒரு மூச்சு, அவ்வளவுதான் அடுப்பு.
எழுந்து ஒரு சுற்று சுற்றிப் படுக்க இடம் போதும்.
கம்பளி போடாதே,
ஈரம் குடித்துப் பலகையாய் உறைந்துவிடும்.
வைக்கோல் போடு.
தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி வை.
வாசல் வடமேற்கைப் பார்க்கக் கூடாது.
ஆமாம், அதன் பெயர் என்ன என்றேன்.
கிழவர் விசில்தான் அடிப்பார் என்றார்.

எலி வளையானாலும் தனி வளை என்பார்கள்.
எவ்வளவு சின்னதாக வேண்டும் என்று எலிக்குத் தெரியும்.
மூன்று படுக்கையறை பார்த்து வாங்கியவர்கள் நாங்கள்.
ஏன் மூன்று என்று
இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை.

அளவு நாடாவைக் கண்டு உறுமியது.
நாடா நுனியில் கொழுப்புத் தடவினான் ஒஸ்தாப்.
மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை
முப்பத்தேழு அங்குலம்.
உட்கார்ந்தால் உச்சந்தலை வரை இருபத்தெட்டு.
அன்றுதான் முதன்முதலில் தொடவிட்டது.
கழுத்து ரோமத்துக்கு அடியில்
சுற்றிவர ஒரு வளையம்,
முடி முளைக்காத தோல்.
அந்த அளவை மட்டும் நாங்கள் எழுதிக்கொள்ளவில்லை.

பழைய குதிர்ப் பலகைகளை இழைத்துக் கட்டினோம்.
சமையலறை ஜன்னலருகே வைக்கலாம் என்றேன்.
கொட்டில் ஓரம் என்றான் அவன்.
முதல் பனி விழுந்த காலையில் பார்த்தால்
ஓடாத அறுவடை இயந்திரத்தின் மறைவில்
வெள்ளைத் தரையில் வட்டமாய் ஓர் உருகல்,
தட்டு வைத்து எடுத்ததுபோல்.
அங்கேயே வைத்தோம்.

ஒன்பது நாள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.
வாசலில் தொங்கவிட்ட ரப்பர் திரையை
வெட்டி எடுத்தேன்.
மூடினால் அடைத்துவைப்பதாக நினைத்ததோ என்னவோ.

பத்தாம் இரவு, மைனஸ் முப்பத்தொன்று.
டார்ச்சோடு போனேன்.
வாசலின் மேல்விளிம்பில்
மாவு ஒட்டியதுபோல் உறைபனி,
உள்ளிருந்து வந்த மூச்சு.
விசில் அடிக்க எனக்கு வராது. சும்மா நின்றேன்.
பலகையில் வால் தட்டியது, ஒரே ஒரு தடவை.

மறுநாள் மாடியின் இரண்டு அறைகளுக்கும்
ஹீட்டரை அணைத்துவிட்டான் ஒஸ்தாப்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
வைக்கோல் இன்னும் அரைக்கட்டு மிச்சம் இருக்கிறது.