எந்தப் பொத்தான் கடல்?

இருநூற்றுப் பதினான்கு பிழை
என்றது சோதனைக் கருவி.
உர்மாஸ் காப்பியைக் கீழே வைத்தான்.
சன்னலுக்கு வெளியே ஹியூமா தீவின் படகுத்துறை,
பாதி உறைந்து மீதி யோசிக்கும் பால்டிக் கடல்.

"திரையில் சரியாகத் தெரிகிறதா?" ரேத் கேட்டாள்.
"தெரிகிறது."
"டிக்கெட் விற்கிறதா?"
"விற்கிறது."
"அப்புறம் என்ன?"

அவள் கேட்டதிலும் நியாயம் உண்டு.
உலாவி தாராள மனசுக்காரன்.
நாம் மூடாத பத்தியை அவனே மூடுவான்,
தலைகீழாய்ச் செருகிய பட்டியலை
முகம் சுளிக்காமல் நிமிர்த்தி வைப்பான்,
விருந்தாளி சட்டையில் குழம்பைச் சிந்தினாலும்
பார்க்காத மாதிரி
அடுத்த கரண்டி சோறு போடுவான்.
பதினெட்டு வருஷம் இப்படித்தான் ஓடியது.

வியாழக்கிழமை தொலைபேசி வந்தது.
ஏவி லெப்பிக். மீன் ஆலையின் கணக்காளர்.
அவருக்குத் திரை தெரியாது.
திரையை வாசித்துச் சொல்லும் ஒரு குரல் மட்டும்,
ஓட்டப் பந்தய வேகத்தில்.

"உங்கள் பக்கம் என்னிடம் என்ன சொல்கிறது தெரியுமா?
பொத்தான். பொத்தான். பொத்தான். பொத்தான்.
இதில் எந்தப் பொத்தான் கடல்? எது கரை?
நேற்று மூன்றாவதை அழுத்தினேன்,
டிராக்டர் ஒன்றுக்கு இடம் போட்டுவிட்டது.
என்னிடம் டிராக்டர் இல்லை."

உர்மாஸ் சிரித்துவிட்டான்.
அவரும் சிரித்தார்.
சிரித்து முடித்தபின்
தொகையைச் சொன்னார்.

கடல் முழுதாய் உறையும் வருஷங்களில்
பனிமேல் சாலை போடுவார்கள் இங்கே,
இருபுறமும் ஜூனிப்பர் கிளை நட்டு.
வெயில் நாளில் அவை வெறும் குச்சி.
மூடுபனியில் போனவனைக் கேட்க வேண்டும்
குச்சி எதற்கென்று.

மூன்று இரவு உட்கார்ந்தான்.
திறந்ததை எல்லாம் மூடினான்.
தொண்ணூறு. முப்பத்தொன்று. நான்கு.
பூஜ்யம்.
பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி.
உடனே அழைத்தான்: "இப்போது பாருங்கள்... கேளுங்கள்."

"கேட்கிறது," என்றார்.
"படம் பொத்தான். படம் பொத்தான். படம் பொத்தான்."

பொத்தானுக்குப் பெயர் வேண்டும் என்றது விதி.
எல்லாவற்றுக்கும் 'படம்' என்று பெயரிட்டிருந்தான்.
விதிக்குத் திருப்தி.

தளை தட்டாமல் சீரடுக்கி,
ஈற்றில் காசு வைத்து முடித்து,
உள்ளே ஒன்றுமே சொல்லாத வெண்பாவைப்
படித்திருக்கிறீர்களா?
அது அங்கே பச்சையாய் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

ஆனாலும் பழையதற்குத் திரும்பவில்லை அவன்.
பெயர் எழுத ஒரு கட்டமாவது கிடைத்திருக்கிறதே,
முன்பு அதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை
திரையை அணைத்தான். எலியைத் தள்ளி வைத்தான்.
காதை மட்டும் வைத்துக்கொண்டு
ஒரு டிக்கெட் எடுக்க முயன்றான்.
நாற்பத்தொரு நிமிஷம் ஆனது.
இரண்டு தடவை டிராக்டர்.

இருட்டில் உட்கார்ந்தவனை எட்டிப் பார்த்து
"கரண்ட் போய்விட்டதா?" என்றாள் ரேத்.

பிறகு ஒவ்வொன்றாய்ப் பெயர் வைத்தான்,
பிள்ளைக்கு வைப்பதுபோல் அல்ல,
பேருந்துக்குப் பலகை மாட்டுவதுபோல்:
தீவுக்குப் போக.
தீவிலிருந்து வர.
வாகனம் இல்லாமல்.
டிராக்டர், விவசாய வண்டிகள்.

திங்களன்று ரேத் திரையைப் பார்த்தாள்,
கண்ணாடி போட்டு ஒரு தடவை,
கழற்றி ஒரு தடவை.
"ஒன்றும் மாறவில்லையே?"
"ஒன்றும் மாறவில்லை," என்றான்.

காலை ஏழரைப் படகின் பட்டியலில்
பன்னிரண்டாவது வரி:
ஏவி லெப்பிக், பெரியவர் ஒருவர், வாகனம் இல்லை.

டிராக்டர் பணம் மட்டும் இன்னும் திரும்பவில்லை.
அது கணக்குப் பிரிவின் வேலை.
அதற்குத் தனிப் படிவம்.
அந்தப் படிவத்தில்
எழுபத்தேழு பிழை.