பிளக் பாயிண்ட் பக்கத்துச் சுவர்

காப்பி பூத்து இரண்டாம் நாள்.
ஏற்காட்டில் எஸ்டேட் குடோனைக் கழுவிவிட்டு
நாற்பது புகைப்படங்கள் மாட்டியிருந்தார்கள்.
என்னுடையது முப்பத்தேழாவது,
பிளக் பாயிண்டுக்கு நேர் மேலே.

காலையிலிருந்து
யாராவது சார்ஜ் போட்டுவிட்டு
அதற்கு முதுகு காட்டியே நிற்கிறார்கள்.
குனிந்த தலைகளுக்கு மேல்
என் பனிமூட்டத்தில் ஒரு சாண் தெரிந்தது.

எதிர்ச்சுவரில் காட்டெருமைக்குக் கூட்டம்.
விற்றுவிட்டதாம். சிவப்புப் பொட்டு ஒட்டியாயிற்று.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
போன்களை உருவிக்கொண்டு
எல்லோரும் பஜ்ஜிக் கடைக்குப் போனார்கள்.
ஃபியூஸ் பார்க்க வந்த செலஸ்டின்
டார்ச்சைச் சுவருக்குத் தூக்கினார்,
இறக்கவில்லை.

"நாகலூர் வளைவுதானே இது?
இந்தக் கம்பத்துல ஏறியிருக்கேன்."

கம்பமா?
மார்கழிப் பனியைத்தான் எடுத்தேன் நான்.
கிட்டப் போய்ப் பார்த்தேன்.
வெள்ளைக்குள் மெல்லிய கோடு,
அதன் உச்சியில் ஏதோ துணி.

"என் துண்டு," என்றார்.
"ஐப்பசிக் காத்துல பறந்தது.
இங்கயா இருக்கு!"

அடைக்காத கதவு வழியே
காப்பிப்பூ வாசம் வந்து
ஒவ்வொரு படமாக நின்று நகர்ந்தது.
ஃபியூஸ் பெட்டி திறந்தபடியே கிடந்தது.
நான் ஞாபகப்படுத்தவில்லை.